மணத்திற்கு ஆயத்தம் யாது?

நம்மவர் இல்லங்களில் மணம் பேசி முடிந்த நாள்தொட்டு எழுகின்ற ஆரவாரத்தை யாவரும் அறிவர். மண்டபத்திற்கு முன்பணம் கொடுத்தாயிற்றா? பத்திரிகை எத்தனை அச்சிடுவது? சமையற்காரர் எத்தனை இலைக்குப் பேசியிருக்கிறார்? மணப்புடவை எங்கே எடுப்பது? தாய்மாமன் வீட்டிற்கு முதற்பத்திரிகை வைத்தாயிற்றா? இத்தகைய கேள்விகளே விடிந்தது முதல் விளக்கணைக்கும் வரை வீட்டை நிரப்புகின்றன. தந்தையார் பணத்தை எண்ணி உறக்கம் இழக்கிறார். தாயார் சுற்றத்தாரின் சொல்லை எண்ணிக் கலங்குகிறார். மணமக்களோ ஒருவர்க்கொருவர் பேசும்போதும் பட்டியலையும் செலவையும் பற்றியே பேசுகின்றனர். இத்தனை கேள்விகளுக்கும் நடுவே எவரும் கேளாத கேள்வி ஒன்றுண்டு. இல்வாழ்க்கையில் அடியெடுத்து வைக்கவிருக்கும் இவ்விருவருடைய மனமும் ஆயத்தமாயிற்றா என்பதே அது.

பிறர்க்கு இக்கேள்வி அத்துணை அவசரமானதாகத் தோன்றாதிருக்கலாம். நல்ல நாள், நல்ல நேரம், குலதெய்வத்தின் அருள், புரோகிதரின் மந்திரம் ஆகியவற்றிடம் மணத்தின் நன்மை தீமைகளை ஒப்புவித்துவிட்டு அவர்கள் ஆறுதல் கொள்ளலாம். மும்மணிகளைச் சரணடைந்த நமக்கோ அவ்வழி இல்லை. எல்லாச் செயல்களுக்கும் மனமே முன்னோடி என்று கொண்ட நாம், அம்மனத்தை மட்டும் ஆயத்தஞ் செய்யாமல் மற்ற யாவற்றையும் ஆயத்தஞ் செய்வோமாயின், பழைய துணையையும் கைவிட்டுப் புதிய துணையையும் பற்றாதவர்கள் ஆவோம். ஆதலின் இப்பொருளைச் சற்று விரிவாக ஆராய்வது நம் கடமையாகும்.

இல்லறம் தம்மத்திற்குப் புறம்பானதா?

முதற்கண் ஓர் ஐயத்தைக் களைதல் வேண்டும். “பற்றே துன்பத்திற்கு ஏது என்று போதிக்கும் தம்மத்தில், பற்றை வளர்க்கும் மணத்திற்கு இடமேது? சித்தார்த்தரே மனைவியையும் மகவையும் விட்டு நீங்கினார் அன்றோ?” என்று நம் இளைஞர் சிலர் வினவுகின்றனர். இவ்வினாவை நகைத்து ஒதுக்குவது தகாது. ஏனெனில், இதற்கு விடை காணாதவர் மணத்தை ஒரு தோல்வி போலவும், தம்மத்தினின்று இறங்கிவருவது போலவும் எண்ணி, அரை மனத்துடன் மணவறையில் அமர்கின்றனர்.

பகவானுடைய பரிசை பிக்கு, பிக்குணி, உபாசகர், உபாசிகை என்னும் நால்வகையினரைக் கொண்டது. சிராவஸ்தியின் அனாதபிண்டிகரும் விசாகை அம்மையாரும் இல்லறத்தாரே. அவர்கள் இல்லத்தில் இருந்தவாறே அருள்வழியின் முதற்படியாகிய சோதாபத்தி நிலையை எய்தினர் என்று திரிபிடக மரபு கூறுகிறது. உண்மையான மங்களம் எது என்று வினவிய தேவனுக்கு ஜேதவனத்தில் விடையளித்த பகவான், தாய் தந்தையரைப் பேணுதலையும் மனைவி மக்களைக் காத்தலையும் உயர்ந்த மங்களங்களுள் வைத்து எண்ணினார். மங்கள சூத்திரத்தில் எண்ணப்படும் 38 மங்களங்களுள் நாளும் இல்லை, கோளும் இல்லை, சகுனமும் இல்லை என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

எனவே துன்பத்திற்கு ஏதுவாவது மணம் அன்று, வேட்கையே. வேட்கையும் அன்பும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும். எனினும் உள்ளே அவை வேறு. “நீ எனக்காக இரு” என்பது வேட்கையின் குரல். “நீ நலமாக இரு” என்பது மைத்திரியின் குரல். மணம் ஒரு விளைநிலம். அதில் எந்த விதையை இட்டோமோ அதுவே முளைக்கும். மணத்திற்கு முன் ஒருவர் தம் நெஞ்சைத் தனித்திருந்து வினவிப் பார்க்கட்டும்: நாம் இவரை விரும்புவது, இவர் நம் குறையை நிரப்புவார் என்பதாலா, அன்றி இவருடைய நலத்தில் நமக்கு மெய்யான அக்கறை உண்டு என்பதாலா? பெரும்பாலோரிடம் இரண்டும் கலந்தே இருக்கும். கலப்பு இருப்பது குற்றமன்று. அஃது இருப்பதை அறியாமல் இருப்பதே தீங்கு.

மணத்தை ஆக்குவது எது?

பௌத்த மணத்தில் தூப தீபம் ஏற்றுகிறோம். மலர் வைத்து வணங்குகிறோம். திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்கிறோம். பிக்கு எழுந்தருளியிருந்தால் பரித்தம் ஓதி வாழ்த்துகிறார். எனினும் மணத்தை முடித்துவைக்கும் ஆற்றல் பிக்குவிடம் இருப்பதாக நம் மரபு கருதவில்லை. விநயத்தின்படி ஆண் பெண் இருவரைச் சேர்த்துவைக்கும் தூதுப்பணியைப் பிக்கு மேற்கொள்ளலாகாது. சங்காதிசேசம் எனப்படும் பதின்மூன்று பெருங்குற்றங்களுள் அஃது ஐந்தாவது. பிக்கு அறம் உரைப்பார், நலம் கோருவார், அவ்வளவே.

சட்டமும் ஒரு வரம்பிற்கு மேல் நமக்கு உதவாது. 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பௌத்தரையும் தன்னுள் அடக்கியே பேசுகிறது. மணமக்களுள் ஒருவருடைய தரப்பில் வழக்கமாயுள்ள சடங்குப்படி நடந்த மணத்தை அது ஏற்கிறது. அதனை விரும்பாதார்க்கு 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. அதன்படி முன்னறிவிப்புக் கொடுத்து, 30 நாட்கள் கழிந்தபின், மூன்று சாட்சிகள் முன்னிலையில் மணம் நடைபெறும். எச்சமயத்தார் மணமாயினும் பதிவு செய்யப்படல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 இல் அறிவுறுத்தியது. பதிவைத் தவறாது செய்துகொள்ளுமாறு நம் குடும்பங்களை வேண்டுகிறோம். ஆயினும் பதிவேட்டில் இட்ட கையெழுத்து உரிமையைக் காக்குமேயன்றி அன்பை வளர்க்காது.

பின்னர் மணத்தை ஆக்குவது எது? கருமம் என்பது கருத்தே என்று ததாகதர் போதித்தார். இருவர் தெளிந்த மனத்துடன், அச்சமின்றி, ஒருவர் நலத்திற்கு மற்றவர் பொறுப்பேற்கும் அந்த எண்ணமே மணத்தை மணமாக்குகிறது. மலரும் தீபமும் அவ்வெண்ணத்திற்குச் சாட்சிகள். எண்ணமே இல்லாதபோது சாட்சிகள் எதற்குச் சாட்சி?

நாளும் கோளும்

மணத்தை முன்னிட்டு நம் வீடுகளில் எழும் கலக்கங்களுள் முதன்மையானது நாள் பார்ப்பதைப் பற்றியது. சரணமடைந்து மூன்று தலைமுறையான குடும்பத்திலும், பெண்ணுக்கு நாள் குறிக்கும் வேளையில் பஞ்சாங்கம் மறைவாக வெளிவருவதைக் காண்கிறோம்.

ஜாதகக் கதைகளுள் 49 ஆவதாகிய நட்சத்திர ஜாதகம் இதனைப் பற்றியதே. நகரத்தார் சிலர் நாட்டுப்புறத்துப் பெண் ஒருத்தியைத் தம் மகனுக்குப் பேசி நாளும் குறித்தனர். குறித்த பின்னர்த் தம் குடும்பத்துச் சந்நியாசி ஒருவனிடம் சென்று இன்று நட்சத்திரம் நன்றா என்று கேட்டனர். தன்னை முன்னரே கேளாமல் நாள் குறித்தனரே என்று சினந்த அவன், இன்று ஆகாது, செய்தால் பெருங்கேடு விளையும் என்றான். அவர்களும் செல்லாது நின்றுவிட்டனர். பெண் வீட்டாரோ எல்லா ஆயத்தமும் செய்து காத்திருந்து, மணமகன் வாராமையால் அவளை வேறொருவனுக்கு மணம் முடித்துக் கொடுத்தனர். மறுநாள் நகரத்தார் வந்து பூசலிட, அங்கிருந்த அறிவுடையார் ஒருவர், வேண்டிய பயன் கிட்டுவதே நல்ல நட்சத்திரம், வானத்து விண்மீன் உங்களுக்கு என்ன செய்யும் என்று கடிந்தார்.

இக்கதையில் சந்நியாசியின் சொல் விண்மீனிலிருந்து பிறக்கவில்லை. அவனுடைய சினத்திலிருந்து பிறந்தது. நம் காலத்திலும் செவ்வாய் தோஷம் என்றும், மூல நட்சத்திரம் மாமனாருக்கு ஆகாது என்றும் சொல்லி எத்தனை பெண்களின் வாழ்வு தள்ளிவைக்கப்படுகிறது! பிறந்த வேளையைக் குற்றமாக்கி ஒரு பெண்ணை ஒதுக்குவதற்கும், பிறந்த குலத்தைக் குற்றமாக்கி ஒரு மக்களையே ஒதுக்கியதற்கும் வேறுபாடு உண்டா? பின்னதன் கொடுமையை உணர்ந்து தம்மத்தை நாடிய நாம், முன்னதை நம் வீட்டில் வைத்திருப்பது எங்ஙனம் பொருந்தும்? விடுமுறை நாளையும், மண்டபம் கிடைக்கும் நாளையும், தொலைவிலுள்ள உறவினர் வரத்தகும் நாளையும் பார்த்துக் குறிப்பதே நமக்கு நாள் பார்ப்பதாகும். பூரணை நாளாக அமையுமாயின் விகாரையில் அன்பர் பலர் கூடியிருப்பர், அதுவும் நன்றே.

பத்துப் பொருத்தமும் நான்கு பொருத்தமும்

ஜோதிடர் தினம், கணம், மகேந்திரம் முதலாகப் பத்துப் பொருத்தங்களை எண்ணுவர். பகவான் எண்ணியவை நான்கே. பர்க்கர் நாட்டில் சும்சுமாரகிரியில் வாழ்ந்த நகுலபிதா, நகுலமாதா என்னும் முதிய தம்பதியர், தாங்கள் மணந்த நாள் முதல் எண்ணத்தாலும் ஒருவர்க்கொருவர் பிழைத்தறியோம் என்று கூறி, இப்பிறவியிலும் இனிவரும் பிறவியிலும் ஒருவரை ஒருவர் கண்டு வாழ வழி யாது என்று வினவினர். நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, அறிவு என்னும் நான்கிலும் இருவரும் ஒத்திருத்தலே அதற்கு வழி என்று பகவான் அருளினார். மணத்திற்கு ஆயத்தம் செய்வார்க்கு இதனினும் சிறந்த பட்டியல் வேறில்லை. ஆதலின் இந்நான்கையும் சற்று விரித்துரைப்போம்.

நம்பிக்கை என்பது இருவரும் ஒரே சங்கத்தில் பெயர் பதிந்திருத்தல் அன்று. எதனை வாழ்வின் உயர்ந்த பொருளாகக் கொள்கிறோம் என்பதில் ஒத்திருத்தல். மணமகள் தம்மத்திற்குப் புதியவளாயின், அவளைக் கட்டாயப்படுத்தி வணங்கச் செய்தல் தகாது. தெரிந்து தெளிந்து ஏற்பதே சரணம். அச்சத்தாலோ கணவன் பொருட்டோ ஏற்பது சரணமாகாது.

ஒழுக்கம் என்பது பஞ்சசீலம். மணப்பேச்சில் சம்பளமும் சொத்தும் கேட்கப்படுகின்றன. குடிப்பழக்கம் உண்டா என்பது மட்டும் மறைவாகக் கேட்கப்பட்டு, மறைவாகவே மழுப்பப்படுகிறது. ஐந்தாம் சீலத்தைக் காவாதவனிடம் மற்ற நான்கையும் எதிர்பார்த்தல் அரிது. இதனை மணமகன் வாயினின்றே நேராகக் கேட்டறியும் உரிமை மணமகளுக்கு உண்டு.

ஈகை என்பது தருமத்திற்குக் காசு கொடுத்தல் மட்டுமன்று. வீட்டில் எவருக்கு இடம் உண்டு என்பதும் ஈகையே. கணவனுடைய பெற்றோரைப் பேணுவது போலவே மனைவியின் பெற்றோரையும் முதுமையில் பேணுவோமா? மனைவியின் ஊதியத்தில் அவள் தன் தம்பியின் படிப்பிற்குக் கொடுத்தால் மனம் கோணாதிருப்போமா? இவற்றை மணத்திற்குப் பின் பேசினால் பூசலாகும். முன் பேசினால் உடன்பாடாகும்.

அறிவு என்பது பட்டம் அன்று. கருத்து வேறுபடும்போது எங்ஙனம் முடிவு செய்வோம் என்னும் தெளிவே இங்கு அறிவு. சினம் வந்தபோது பேசாதிருக்க அறிந்தவரும், சினம் தணிந்தபின் பேச அறிந்தவரும் அறிவுடையார்.

இந்நான்கையும் பற்றி மணமக்கள் இருவரும் மணத்திற்கு முன் நான்கு நாட்கள் தனித்தனியே அமர்ந்து பேசுதல் வேண்டும் என்பது நம் கருத்து. பெரியோர் அதற்கு இடங்கொடுத்தல் வேண்டும். புடவை தேர்ந்தெடுப்பதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குகின்ற குடும்பம், இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாகாதா?

ஆயத்தக் காலத்தின் ஐந்து தடைகள்

தியானத்திற்கு இடையூறாக ஐந்து நீவரணங்களைப் பகவான் கூறினார். மண ஆயத்தம் நடைபெறும் வீட்டில் அவை ஐந்தும் ஒருங்கே குடிவருகின்றன. பார்த்த வீட்டுப் பந்தலினும் நம் பந்தல் பெரிதாக வேண்டும் என்பது வேட்கை. பத்திரிகையில் பெயர் விடுபட்டதற்காக முகங்கோணுவது வெறுப்பு. அலைந்து களைத்து, எது எப்படியோ நடக்கட்டும் என்று சோர்வது மடிமை. நடந்ததற்கு வருந்தியும் நடக்கவிருப்பதற்கு அஞ்சியும் உறக்கம் கெடுவது மனச்சஞ்சலம். இவ்வாழ்வு நமக்கு நன்மையாகுமா என்று தடுமாறுவது ஐயம்.

முதல் நான்கிற்கும் மருந்து எளிது. அவை எழும்போது இன்னது எழுந்தது என்று பெயரிட்டு அறிந்தாலே பாதி தணியும். இலாபம் நட்டம், புகழ் இகழ், போற்றல் தூற்றல், இன்பம் துன்பம் ஆகிய உலக இயல்புகள் எட்டாலும் அசையாத மனமே மங்களம் என்பது நாம் அடிக்கடி ஓதும் போதனை. “நாலு பேர் என்ன சொல்வார்” என்னும் அச்சமே மணவீட்டின் பெருங்கவலை. அந்நால்வரும் உண்டு சென்ற மறுநாளே அதனை மறந்துவிடுவர் என்பதை நினைத்தல் வேண்டும்.

ஐந்தாவதாகிய ஐயத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கையுடன் பேச வேண்டும். ஐயங்கள் இருவகை. புதிய வாழ்வைக் கண்டு எவர்க்கும் எழும் இயல்பான தயக்கம் ஒருவகை. அது மைத்திரி தியானத்தாலும், மூத்தோருடன் மனம்விட்டுப் பேசுவதாலும் தெளியும். மற்றொன்று, ஒருவருடைய சினத்தையோ, பொய்யையோ, குடியையோ, இரக்கமின்மையையோ நேரிற் கண்டமையால் எழும் ஐயம். இஃது நீவரணம் அன்று, இதுவே அறிவு. காலாமர்க்குப் பகவான் அருளிய நெறி யாது? பிறர் சொன்னார் என்பதற்காக ஏலாதே; ஆசையையும் பகையையும் மயக்கத்தையும் வளர்ப்பது எதுவோ அதனை நீயே அறிந்து விலக்கு என்பதன்றோ?

ஒரு பெண்ணோ ஆணோ இத்தகைய ஐயத்தை வெளியிடும்போது, நம் வீடுகளில் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: “பத்திரிகை அச்சாகிவிட்டதே!” அச்சான தாளுக்கு அஞ்சி ஓர் உயிரை ஆயுள் முழுதும் துன்பத்தில் தள்ளுவது முதற் சீலத்திற்கு முரணானது என்று அழுத்தமாகக் கூறுகிறோம். மண்டபத்து முன்பணம் போனால் சில ஆயிரம் ரூபாய் போகும். உறவினர் பேச்சு சில திங்கள் நிற்கும். மனமொவ்வாத மணம் அவ்விருவரோடு மட்டும் நில்லாது, பிறக்கும் குழந்தைகளின் நெஞ்சிலும் புகும். ஆதலின் மணநாளுக்கு முதல் நாள் மாலையிலும், “உனக்கு இதில் முழுச் சம்மதமா? இல்லையெனில் நாங்கள் உன் பக்கம் நிற்போம்” என்று கேட்கும் துணிவு தாய் தந்தையர்க்கு வேண்டும். இங்ஙனம் கேட்கப்பட்டு “ஆம்” என்று சொன்ன சொல்லுக்கே வலிமை உண்டு. “இல்லை” என்று சொல்ல இயலாத இடத்தில் சொல்லப்படும் “ஆம்” சம்மதமாகாது.

கடனும் சீதனமும்

இல்லறத்தானுக்கு உரிய இன்பங்கள் நான்கு என்று அனாதபிண்டிகருக்குப் பகவான் உரைத்தார். பொருள் உடைமை, அதனை நல்வழியில் துய்த்தல், கடனின்மை, பழியின்மை என்பன அவை. கடன் வாங்கி மணம் செய்பவர் மூன்றாம் இன்பத்தை முதல் நாளிலேயே இழக்கின்றனர்.

கோலார் தங்கவயலில் 2001 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னர் அங்குள்ள நம்மவருட் பலர் மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று உழைத்து இரவில் வீடு திரும்புகின்றனர். அத்தகைய உழைப்பாளி ஒருவர் மகள் மணத்திற்காக இரண்டு இலட்சம் ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால், வட்டி மட்டும் மாதம் 6,000 ரூபாய். ஆண்டிற்கு 72,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். ஒரு நாள் விருந்திற்காக ஆண்டுக்கணக்கில் விடியலில் எழுந்து ரயிலேறுவது எவ்வகை மங்களம்? சிகாலனுக்கு உபதேசித்தபோது, வருவாயை நான்காகப் பகுத்து ஒரு பங்கைத் துய்க்கவும், இரு பங்கைத் தொழிலில் இடவும், ஒரு பங்கை இடர்க்காலத்திற்குச் சேமிக்கவும் பகவான் கூறினார். மணச்செலவு துய்க்கும் பங்கினின்றே வரத்தக்கது. தொழிற்பங்கையும் இடர்க்காலப் பங்கையும் பந்தலில் கரைப்பது தம்மமன்று.

சீதனத்தைப் பற்றியும் அதே சிகாலோவாத சூத்திரம் ஒளி தருகிறது. கணவன் மனைவிக்குச் செய்யவேண்டிய கடமைகள் ஐந்து அதில் கூறப்படுகின்றன: மதித்தல், இகழாதிருத்தல், பிழையாதிருத்தல், இல்லத்தின் அதிகாரத்தை அவளிடம் ஒப்படைத்தல், அணிகலன் அளித்தல். மனைவிக்கும் ஐந்து கடமைகள் உண்டு: இல்லப் பணிகளைச் செம்மையாக ஒழுங்குசெய்தல், இருபக்கத்துச் சுற்றத்தாரையும் உபசரித்தல், பிழையாதிருத்தல், ஈட்டிய பொருளைக் காத்தல், எப்பணியிலும் திறமையும் சோம்பலின்மையும் உடையளாதல். கணவனுடைய கடமைகளே முன் வைக்கப்பட்டிருப்பதும், அவற்றுள்ளும் மதித்தலே முதலாக நிற்பதும் கருதத்தக்கன. அணிகலன் அளிப்பது கணவன் கடமை என்று தம்மம் கூறியிருக்க, பெண்ணின் தந்தையிடம் இத்தனை சவரன் என்று கேட்பது தம்மத்தைத் தலைகீழாக்குவதன்றோ? 1961 ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி, 1986 ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், கொடுப்பதும் வாங்குவதும் ஐந்தாண்டிற்குக் குறையாத சிறைக்குரிய குற்றம். ஆனால் சிறைக்கு அஞ்சி விடுவதினும், கேட்பதற்கே நாணி விடுவது பௌத்தனுக்கு அழகு. பிறப்பால் மனிதனுக்கு விலையில்லை என்று சொல்லி எழுந்த மக்கள், தம் மகனுக்கு மட்டும் விலை கூறலாமா?

உற்றார் விருப்பமும் நம் உறுதியும்

இனி, மிகக் கடினமானதொரு வினாவிற்கு வருகிறோம். தம்மத்தை ஏற்ற மகன் பௌத்த முறையில் மணக்க விரும்புகிறான். சரணமடையாத தாயாரோ, நல்ல நேரத்தில், பழைய முறைப்படி தாலி கட்டாவிட்டால் தம் மனம் ஆறாது என்று அழுகிறார். தாயின் கண்ணீரைப் புறக்கணிப்பது கருணையா? ஏற்ற உறுதியைக் கைவிடுவது வாய்மையா?

1956 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள், பிராமணரைக் கொண்டு சடங்கு செய்விப்பதில்லை என்பதும் ஒன்று. அதற்கும் முன்னரே, 1898 இல் கொழும்பில் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாச பண்டிதரும், அவர் வழிவந்த சாக்கிய பௌத்த சங்கத்தாரும் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றைப் பௌத்த முறையில் நடத்தக் கற்பித்தனர். அவர்கள் ஊரார் நகைப்பையும் உறவினர் பிரிவையும் தாங்கியே அவ்வாறு செய்தனர். அவ்வுறுதியை ஒரு நாள் வசதிக்காக விற்பது அவர்கள் உழைப்பை விற்பதாகும்.

எனினும் உறுதி வேறு, கடுமை வேறு. உற்றார் வேண்டுவன யாவும் ஒரு தன்மையன அல்ல. மலர்மாலை, மஞ்சள், மேளம், தாய்மாமன் மரியாதை, வாழையிலை விருந்து ஆகியன எவருடைய சீலத்தையும் கெடுப்பன அல்ல. அவற்றை இன்முகத்துடன் ஏற்கலாம். நாள், கோள், தோஷம், புரோகிதம், சீதனம், மது, குலப்பெருமை ஆகியன மயக்கத்தையோ ஆசையையோ வளர்ப்பன, அவற்றை ஏற்கலாகாது. தாலியைப் பற்றி நம்மவரிடையே இருவகைக் கருத்தும் உண்டு. அதனை அணியப்போகின்றவள் மணமகள். ஆதலின் அவளுடைய விருப்பமே அங்கு முதன்மையானது. அணிந்தால் அஃது அன்பின் அடையாளமாக இருக்கட்டும். உடைமையின் முத்திரையாக வேண்டா.

மறுக்கும்போதும் முறையறிந்து மறுத்தல் வேண்டும். மணத்திற்கு முதல்வாரத்தில் மறுப்பது போர். பேச்சுத் தொடங்கிய நாளிலேயே தெரிவிப்பது வாய்மை. தாயாரிடம் நூலுரையை எடுத்து வாதாடுவதினும், அவர் அஞ்சுவது எதனை என்று கேட்டறிவது மேல். தம் மக்கள் வாழ்வில் தீங்கு நேருமோ என்பதே பெரும்பாலும் அத்தாயாரின் அச்சம். அவ்வச்சம் மகனுடைய வாதத்தால் நீங்காது. மகனுடைய ஒழுக்கத்தால் நீங்கும். தாயாரையே தீபம் ஏற்றச் செய்து, அவர் கையாலேயே மலர் பெற்று, அவரையே முதலில் வணங்கி நடத்தப்பெறும் மணத்தில் அவர் தாம் ஒதுக்கப்பட்டதாக உணரார்.

நாள்தோறும் செய்யத்தக்கன

மணநாளுக்கு முன்னுள்ள ஒரு திங்களில் மணமக்கள் சிலவற்றை நாள்தோறும் செய்யலாம். காலையில் கால்மணி நேரம் அமைதியாக அமர்ந்து மூச்சைக் கவனித்தல். பின்னர்த் தமக்கும், மணக்கவிருக்கும் துணைக்கும், இருவீட்டுப் பெற்றோருக்கும், இறுதியாக இம்மண ஆயத்தத்தில் தமக்கு மனக்கசப்பு ஏற்படுத்தியவருக்கும் நலங்கோருதல். இவ்வரிசையில் இறுதியிலுள்ளவர்க்கு மனமார நலங்கோர முடிந்த நாளில், உள்ளத்தின் சுமை பெரும்பாலும் இறங்கியிருக்கும். மாலையில் பஞ்சசீலத்தை ஓதி, அன்றைய பேச்சில் எவரையேனும் புண்படுத்தினோமா என்று எண்ணிப் பார்த்து, புண்படுத்தியிருப்பின் மறுநாளே மன்னிப்புக் கேட்டல். வாரத்தில் ஒரு நாளேனும் மணச்செலவைப் பற்றியோ பத்திரிகையைப் பற்றியோ பேசாதிருத்தல். இவற்றிற்குப் பணம் வேண்டா, பந்தல் வேண்டா.

இன்னுமொன்று உண்டு. அது மணவீட்டில் சொல்லத்தகாதது என்று சிலர் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. சேர்ந்தன யாவும் பிரியும். மணக்கும் இருவருள் ஒருவர் மற்றவரின் இறுதியைக் காண நேரும். முன்பு கூறிய நகுலபிதா ஒருகால் கடும் நோயுற்று இறக்கும் தறுவாயில் இருந்தார். நகுலமாதா அவரருகே அமர்ந்து, கவலையுடன் உயிர் நீங்க வேண்டா என்று தேற்றினாள். பஞ்சு நூற்கவும் கம்பளி சிக்கெடுக்கவும் தனக்குத் தெரியும், அதனால் மக்களைக் காப்பாற்றுவேன், மறுமணம் நாடேன், தம்மத்தினின்று வழுவேன் என்று உறுதி கூறினாள். அவ்வமைதியால் அவர் நோய் தணிந்தது. பின்னர்க் கோலூன்றி வந்து தம்மைக் கண்ட நகுலபிதாவிடம், இத்தகைய பரிவும் அறிவுரையும் உடைய துணையைப் பெற்றது அவருக்குப் பெரும்பேறு என்று பகவான் பாராட்டினார்.

அவ்வம்மையாருடைய வலிமை எங்கிருந்து வந்தது? அவள் கைத்தொழில் அறிந்திருந்தாள். இல்லத்தின் பொறுப்பை உணர்ந்திருந்தாள். தம்மத்தில் தானே ஊன்றி நின்றாள். கணவனைப் பற்றிக்கொண்டு மட்டும் நின்றவள் அல்லள். ஆதலின் அவளுடைய அன்பு அவருக்குச் சுமையாகாது துணையாயிற்று. பிரிவு உண்டு என்று அறிந்தவர்களே ஒன்றாயிருக்கும் நாட்களைச் சிறு பூசல்களில் வீணாக்காமல் வாழ்வர். மணமகளுக்குக் கல்வியும் தொழிலும் அளித்து அனுப்புவது, சவரன் கணக்கில் பொன்னளித்து அனுப்புவதினும் பெருஞ்சீர் என்பதற்கும் இதுவே சான்று.

ஆகவே நம் சங்கத்து இல்லங்களில் மணம் பேசி முடியும்போது, செலவுப் பட்டியல் எழுதும் தாளின் தலைப்பில் நான்கு சொற்களை முதலில் எழுதிவைக்குமாறு வேண்டுகிறோம்: நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, அறிவு. ஏனைய ஆயத்தங்களில் சில குறைந்தாலும் மணம் நடைபெறும். இந்நான்கும் இருவர் மனத்திலும் வேரூன்றினால் அம்மணம் நிலைபெறும்.

மணமக்கள் அனைவரும் மும்மணிகளின் நிழலில் நலமுற வாழ்க! தம்மம் தழைக்க!